ஊர்தியும் பற்றும்

தம்மத்தைத் தழுவி இல்லறத்தில் நின்று பொருளீட்டும் நம் இளைஞரிடையே அண்மைக் காலத்தில் ஒரு வினா எழுந்துள்ளது. விரைவுக்கென்றே செய்யப்பட்ட மோட்டார்க் காரொன்றை, பிறர் சில ஆண்டுகள் ஓட்டிய பின் பாதி விலைக்கு வாங்கி வைத்துக் கொள்வது, பஞ்சசீலம் ஏற்ற உபாசகருக்குத் தகுமா, தகாதா என்பதே அவ்வினா. திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் இது வெறும் கற்பனை வினா அன்று. தொழில்நுட்ப நிலையங்களில் பணிபுரிவோரும், வளைகுடா நாடுகளில் உழைத்து மீண்டோரும், இன்று அத்தகைய வண்டிகளை விலை பேசுகின்றனர், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகின்றனர், வாங்குகின்றனர், விற்கின்றனர்.

இவ்வினாவிற்கு இருவகை அவசர விடைகள் கிடைக்கின்றன. "ஆசையே துன்பத்திற்குக் காரணம், ஆகவே வேண்டாம்" என்பது ஒன்று. "என் உழைப்பு, என் பணம், எவர் கேட்பது?" என்பது மற்றொன்று. முதல் விடை துறவிக்குரிய நெறியை இல்லறத்தான் தலையில் ஏற்றுகின்றது. இரண்டாம் விடை நெறி என்பதையே மறந்துவிடுகின்றது. பகவான் காட்டிய வழி இவ்விரண்டிற்கும் நடுவே செல்வது. அவ்வழியில் நின்று இதனை ஆராய்வோம்.

வண்டியும் மானமும்

நம்மவர் வண்டி வாங்க விரும்புவதைப் பேராசை என்று எளிதில் பழிப்போர், இந்நகரின் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யன்காளி. அக்காலத் திருவிதாங்கூரில் அவர் பிறந்த புலையர் குலத்தார்க்குப் பொதுச்சாலையில் நடக்கவும் உரிமையில்லை. 1893-ஆம் ஆண்டு அவர் தம் பணத்தில் ஒரு வில்லுவண்டியை வாங்கினார். வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். தலைப்பாகை அணிந்து, தடுக்கப்பட்ட அச்சாலையிலேயே வண்டியைச் செலுத்தினார். எதிர்த்தவர் உண்டு, அவர் இறங்கவில்லை. இன்று வெள்ளயம்பலத்தில் அவர் சிலை நிற்கின்றது. அதனைச் சுற்றியோடும் கார்களில் அவர் வழிவந்தோரின் கார்களும் உள்ளன.

அந்த வில்லுவண்டியை ஆடம்பரம் என்று எவர் சொல்வார்? அது காலில்லாதவனுக்கு வாங்கிய வண்டியன்று. நடக்க வல்லவனுக்கு நடை மறுக்கப்பட்டதால் வாங்கிய வண்டி. எனவே, ஒரு பொருள் பற்றுக்குரியதா, மானத்திற்குரியதா என்பதை அப்பொருளின் விலையை மட்டும் கொண்டு தீர்மானித்தல் இயலாது. உடைமை மறுக்கப்பட்ட மக்களிடம் "உடைமையைத் துற" என்று உபதேசிப்பது எளிது. ஆனால் அஃது அறமாகாது. துறத்தற்கு முதலில் இருத்தல் வேண்டும்.

இதன் மறுபக்கத்தை அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு காட்டுகின்றது. 1929-ஆம் ஆண்டு அவர் சாலிஸ்காவ் என்னும் ஊரில் இரயிலிலிருந்து இறங்கினார். தீண்டப்படாதவரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் உடன்படவில்லை. தம் தலைவர் நடந்து வருவதா என்று அவ்வூர் மகர் மக்கள் கலங்கினர். வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழகாத ஒருவரை ஓட்டச் செய்தனர். வழியில் ஆற்றைக் கடக்கும் சிறுபாலத்தின் கற்களில் சக்கரம் இடறியது. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. பின்னாளில் இதனை எழுதியபோது அவர் அம்மக்களின் அன்பை மதித்தார். எனினும், விருந்தினரின் கௌரவத்தைக் காட்டிலும் அவர் உயிரின் பாதுகாப்பே பெரிது என்பதை அவர்கள் மறந்தனர் என்றும் குறித்தார்.

1893-இன் வண்டியும் 1929-இன் வண்டியும் நம் முன்னே நிற்கின்றன. மானத்தைக் காக்க வண்டி வேண்டியிருந்த காலம் உண்டு என்கிறது முதலாவது. மானத்தின் பொருட்டு உயிரைப் பணயம் வைத்தல் கூடாது என்கிறது இரண்டாவது. நம் ஆராய்ச்சிக்கு இவ்விரண்டும் வேண்டும்.

பழையதில் இழிவில்லை

பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவது இழிவு என்னும் எண்ணம் சிலரிடம் உண்டு. பௌத்தருக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. குப்பையில் எறியப்பட்ட துணியைத் துவைத்துத் தைத்து உடுத்தவர் நம் சங்கத்தின் முன்னோர். கோசாம்பியின் உதயண மன்னனின் தேவிமார் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு மேலாடைகள் வழங்கினர். "இத்தனையையும் கொண்டு என்ன செய்வீர்?" என்று மன்னன் வினவினான். நைந்த ஆடை உடையோர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். பழைய ஆடைகள் என்னாகும் என்றான் மன்னன். அவை படுக்கை விரிப்பாகும். விரிப்பு நைந்தால் தரைவிரிப்பாகும். அதுவும் நைந்தால் கால்துடைப்பாகும். பின் தூசி தட்டும் துணியாகும். இறுதியில் துண்டு துண்டாக்கி மண்ணோடு குழைத்துத் தரை பூசுவோம் என்று தேரர் வரிசையாக விளக்கினார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் வழங்கினான் என்று விநயம் கூறும்.

பிட்சாபாத்திரத்திற்கும் இவ்வாறே விதியுண்டு. ஐந்து ஒட்டுகளுக்குக் குறைவாக உள்ள பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிக்கு புதியதொன்றைத் தேடிப் பெறுதல் கூடாது. புதிது என்பதற்காகவே புதிதை நாடும் மனத்திற்கு இட்ட வேலி அது.

ஆகவே பழைய வண்டி வாங்குவது தன்னளவில் குற்றமன்று; நிதானமுள்ள செயலாகவும் ஆகலாம். புதிய வண்டியின் விலை முதற் சில ஆண்டுகளிலேயே விரைந்து இறங்குகின்றது. விரைவுக்காகச் செய்யப்பட்ட விலையுயர்ந்த வண்டிகளில் அவ்விறக்கம் இன்னும் மிகுதி. அவ்விழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொள்ள, அடுத்தவர் அதே வண்டியைக் குறைந்த விலைக்குப் பெறுகின்றார். ஆனால் விலை இறங்கியது போல் அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. அகன்ற டயரும், பெரிய பிரேக்கும், டர்போவும், இரட்டைக் கிளட்ச் கொண்ட கியர்ப் பெட்டியும் பழுதுபட்டால், வண்டி புதிதாயிருந்த காலத்துச் செலவே இன்றும். பாதி விலைக்கு வாங்கியவர் முழு வண்டியையும் பேண வேண்டும். இதனை எண்ணாது வாங்குவோர் பலர்.

ஒரே வண்டியை நெடுங்காலம் பேணியதற்கு இந்நகரில் ஒரு சான்றுண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 வகைக் காரொன்றை, 2013-இல் மறையும் வரை தம்மோடு வைத்திருந்தார். அவ்வண்டியைத் திருப்பித் தந்தால் ஈடாகப் புதிய வண்டிகள் தருவதாக நிறுவனத்தார் கூறியும் அவர் இசையவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. எந்த அரசில் நம்மவர்க்குச் சாலை அடைக்கப்பட்டிருந்ததோ, அவ்வரச குடும்பத்தின் கதை இது. ஆயினும் பாடம் எங்கிருந்தாலும் கொள்ளத்தக்கது. இருப்பதைப் பேணுதல் நற்குணம். அதே வேளையில், பேணுதல் எவ்விடத்தில் பற்றாக மாறுகின்றது என்பதை அவரவர் உள்ளமே அறியும். பிறர் அளந்து சொல்லுதல் அரிது.

ஒப்பீடு

இனி ஒப்பிடுதலுக்கு வருவோம். நோய் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றது.

வண்டிகளை ஒப்பிடுவது அறிவின் வேலை. குதிரைத்திறன் எவ்வளவு, எடை எவ்வளவு, நிற்கும் நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும், நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும், எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்பனவெல்லாம் அளக்கத்தக்கவை. 2020-ஆம் ஆண்டு இந்தியாவில் 200 வண்டிகளே விற்கப்பட்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245, நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.6 நொடியில் எட்டும் என்று நிறுவனத்தார் கூறினர். இஃது ஒரு பொருளைப் பற்றிய செய்தி. இதனை அறிவதில் தவறில்லை. பொறியியலில் உவகை கொள்வதும் தவறில்லை.

ஆனால் "200 பேரில் நான் ஒருவன்" என்று சொல்லும்போது அளக்கப்படுவது வண்டியன்று. பகவான் மானம் என்னும் மாசினை மூவகையாகப் பகுத்தார். "நான் உயர்ந்தவன்" என்பது ஒன்று. "நான் தாழ்ந்தவன்" என்பது ஒன்று. "நான் சமமானவன்" என்பது மற்றொன்று. மூன்றும் தன்னைப் பிறரோடு வைத்து அளப்பவையே. இங்கே மானம் என்பது தமிழில் நாம் சொல்லும் தன்மானம் அன்று. பாலி மொழியில் செருக்கைக் குறிக்கும் சொல்.

முதலிரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவது நம்மவரைத் திகைக்கச் செய்யும். "சமத்துவத்திற்காகவே தம்மத்தைத் தழுவினோம், 'நான் சமம்' என்பதும் மாசு எனின், எங்கே போவது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

விடை இது. உரிமையில் சமம் என்பது உலகில் நிலைநாட்ட வேண்டிய நீதி. அதற்கு எவருடைய பாராட்டும் தேவையில்லை. செருக்கில் சமம் என்பதோ பிறர் கண்ணையே நம்பி வாழ்வது. அண்டை வீட்டான் வண்டியை மாற்றியதும் அச்சமத்துவம் உடைந்துபோகும். மீண்டும் கடன் வாங்கி அதனை ஒட்ட வைக்க வேண்டும். அய்யன்காளி சாலையைக் கேட்டார். தம் காளைகள் பிறர் காளைகளை முந்த வேண்டும் என்று கேட்கவில்லை. சாலை கிடைத்தபின் அவர் தம் மக்களுக்குப் பள்ளியைக் கேட்டார். உரிமையைக் கேட்பவனுக்கு அடுத்த கோரிக்கை இருக்கும். செருக்கை நாடுபவனுக்கு அடுத்த வண்டி மட்டுமே இருக்கும்.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நகரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடந்த ஏலத்தில், 'கே.எல். 01 சி.கே. 1' என்னும் எண் 31 இலட்சம் ரூபாய்க்குப் போயிற்று. பின்னர் 2025-இல் எர்ணாகுளத்து எண் ஒன்று 45 இலட்சத்தையும் தாண்டியது. அப்பணம் அரசின் கருவூலத்திற்குச் சென்றது, சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் எண்ணினால் வண்டி ஒரு நொடியும் விரைவதில்லை. ஓர் உருளையும் கூடுவதில்லை. அங்கே வாங்கப்பட்டது முழுவதும் ஒப்பீடே.

நாம் சொல்லும் சோதனை எளியது. வாங்க நினைக்கும் வண்டியை எவரும் காணாத இரவில், எவரிடமும் சொல்லாமல் ஓட்டினாலும் அதே மகிழ்ச்சி இருக்குமா? இருக்குமெனில் அது வண்டியின் மீது கொண்ட விருப்பம். இல்லையெனில் பிறர் விழிகளையே நாம் தவணைக்கு வாங்குகின்றோம்.

நான்கு சுகங்கள்

அனாதபிண்டிக சிரேஷ்டிக்குப் பகவான் இல்லறத்தானின் நான்கு சுகங்களை எடுத்துரைத்தார். அறவழியில் ஈட்டிய பொருள் உண்டு என்னும் சுகம். அதனைத் தானும் துய்த்துப் பிறர்க்கும் ஈயும் சுகம். எவர்க்கும் கடன்படாச் சுகம். உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் பழியின்மை என்னும் சுகம். முதல் மூன்றும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்கிற்கும் ஈடாகா என்பது அவர் முடிவு. பொருளுடைமையைப் பகவான் சுகம் என்றே சொன்னார் என்பதை அவசர உபதேசிகள் கவனிக்க. அதனை எங்கே நிறுத்தினார் என்பதை அவசர வாங்குவோர் கவனிக்க.

கடன்படாச் சுகத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. வருவாயை நான்காகப் பகுத்து, ஒரு பங்கைத் துய்த்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, ஒரு பங்கை ஆபத்துக்கு வைக்க எனச் சிகாலனுக்குச் சொன்ன நெறி நம்மிடம் உள்ளது. துய்க்கும் பங்கில் அடங்குகின்ற வண்டி தகும். ஆபத்துக்கு வைத்த பங்கைத் தின்னும் வண்டி தகாது.

பழியின்மையே இவ்வாணிகத்தில் அரிதானது. பழைய வண்டி விற்பனையில் பொய் நுழையும் வாயில்கள் பல. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் திருப்பப்படுகின்றது. மோதி உருக்குலைந்த வண்டி வண்ணம் பூசப்பட்டு நிற்கின்றது. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் போன்ற காலங்களில் நீரில் மூழ்கிய வண்டிகள் உலர்த்தப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. எஞ்சின் கணினியை மாற்றிக் கூடுதல் திறன் ஏற்றி, கொடுமையாய் ஓட்டி, பின் பழைய நிலைக்கே மாற்றி விற்போரும் உளர். வாங்குபவன் கேளாதிருந்தால் விற்பவன் சொல்லாதிருக்கலாமா? பொய் சொல்லாமை என்னும் சீலத்தை நாவளவில் கொண்டால் "நான் பொய் சொல்லவில்லையே" எனலாம். மறைத்து நம்ப வைத்தவன் உள்ளத்தளவில் பொய்யனே.

பார்வையற்ற தாய்தந்தையரைப் பேணிய கடிகாரன் என்னும் குயவனைப் பற்றிச் சூத்திரம் கூறும். அவன் பானைகளைச் செய்து வைத்து, வேண்டியவர் அரிசியோ பயறோ இட்டுவிட்டு விரும்பியதை எடுத்துச் செல்க என்று விட்டுவிடுவான். அவன் பொருள் தன்னைத் தானே காட்டிக்கொண்டது. காரை அவ்வாறு விற்றல் இயலாதெனினும், பழுது பார்த்த ஏடுகளையும், விபத்து வரலாற்றையும், ஆர்.சி. புத்தகத்தையும், கடன் தீர்ந்த சான்றையும் கேளாமுன் எடுத்து வைத்தல் இயலும். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பெயர்மாற்றத்தை அலுவலகத்திற்கு அறிவித்தல் சட்டம். பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தயாரித்தவர் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியைத் திருத்துதல் கூடாது என்று அதே நீதிமன்றம் 2019-இல், கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உரைத்தது.

கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலம் அரசின் வரிக்கும் உரியது. 2017-இல் கேரளத்தார் பலர் தம் சொகுசு வண்டிகளைக் குறைந்த வரி கருதிப் புதுச்சேரியில் பொய் முகவரி காட்டிப் பதிவு செய்தனர் என்னும் குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது. 2025 செப்டம்பரிலோ, பூட்டான் வழியே பழைய சொகுசு வண்டிகள் போலி ஆவணங்களுடன் கொண்டுவரப்பட்டன என்று கூறிச் சுங்கத்துறையினர் கேரளமெங்கும் சோதனையிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கைப்பற்றினர். 'நும்கோர்' என அச்சோதனைக்குப் பெயரிட்டனர்; பூட்டானியர் மொழியில் அதற்கு வண்டி என்று பொருள். தம்மம் தழைக்கும் சிறு நாடொன்றின் பெயர் நம் செய்தித்தாள்களில் இவ்வாறு இடம்பெற்றது வருந்தத்தக்கது. தனித்தனி நபரின் குற்றத்தை நீதிமன்றம் ஆராயும். வாங்குவோர்க்கு நாம் சொல்வது ஒன்றே: விலை வியக்கத்தக்க அளவு குறைவாயின், குறைந்த பகுதியை எவரோ ஒருவர் இழந்திருக்கின்றார். அவர் யாரென்று கேளாமல் வாங்குதல் அறியாமையன்று, அறிய மறுத்தல்.

விரைவும் உயிரும்

இறுதியாக, முதற்சீலம். விரைவு வண்டி விரைவதற்கே செய்யப்பட்டது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்தும் தூரமும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். இது வேண்டுதலுக்கு இளகாத விதி. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதின் மேற்பட்டோர் மிகுவேகத்தால் மாண்டோர் என்று அரசின் அறிக்கை கூறுகின்றது. 2019 ஆகஸ்ட் 3 அன்று அதிகாலை, இந்நகரின் அருங்காட்சியகச் சாலையில் விரைந்து வந்த காரொன்று மோதிப் பத்திரிகையாளர் கே. எம். பஷீர் உயிரிழந்தார். பொறுப்பு எவருடையது என்பதை நீதிமன்றத்திற்கே விட்டுவிடுவோம். பணி முடிந்து சாலையோரம் நின்ற ஒருவர் வீடு திரும்பவில்லை என்பது மட்டும் நமக்குப் போதும்.

"கொல்லும் எண்ணம் இல்லையே, எண்ணமே வினை அன்றோ?" என்று நம்முள் கற்றோர் வாதிடுவர். உண்மை, எண்ணமே வினை. ஆயினும் நகரச் சாலையில் 50 கிலோமீட்டர் எல்லை என்று அறிந்தும் நூறைத் தொடுபவன், எதிரே வருவோரின் உயிரை எண்ணாதிருக்க எண்ணுகின்றான். எச்சரிக்கையின்மையைப் பகவான் சிறுபிழை என்று சொல்லவில்லை. மரணத்தின் பாதை என்றே சொன்னார். சாலிஸ்காவின் பாலத்தை நினைவிற் கொள்க. அன்பினால் ஓட்டிய வண்டியே அவ்வாறு கவிழ்ந்ததெனில், செருக்கினால் ஓட்டும் வண்டியைப் பற்றி என்ன சொல்வது?

சாலையில் நடக்கும் உரிமைக்காக ஒருவர் வில்லுவண்டி ஓட்டிய நகரம் இது. அதே சாலையில் நடப்பவரை ஓரத்திற்குத் துரத்துமாறு நம் வண்டி ஓடுமாயின், நாம் அவருடைய வண்டியில் ஏறவில்லை. அவரைத் தடுத்தவர்களின் இடத்தில் நிற்கின்றோம். விரைவில் விருப்பமுடையோர்க்கு முறையான பந்தயத் தடங்கள் உண்டு. சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் அவை உள்ளன. நடப்பவர் இல்லாத இடத்தில் விரைக.

முடிவு

தேரின் அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேராகா. அவற்றின் கூட்டிற்கு இட்ட பெயரே தேர் என்று நாகசேன தேரர் மிலிந்த மன்னனுக்கு விளக்கினார். பழைய வண்டி வாங்குவோர் இதனை மெக்கானிக்கின் கொட்டகையிலேயே கற்கலாம். பெல்ட் மாறுகின்றது, கிளட்ச் மாறுகின்றது, டயர் மாறுகின்றது. "என் வண்டி" என்னும் சொல் மட்டும் மாறாமல் நிற்கின்றது. நமக்கு முன் ஒருவர் அதனை அவ்வாறே அழைத்தார். நமக்குப் பின்னும் ஒருவர் அழைப்பார். இடையில் சில ஆண்டுகள் அதன் சாவி நம் கையில் உள்ளது.

ஆகவே நம் விடை இது. அறவழியில் ஈட்டி, கடன்சுமை ஏறாமல், ஆவணம் தூயதாய், மறைப்பு எதுவுமின்றி வாங்கி, நடப்பவர் அஞ்சாதவாறு ஓட்டி, போகும் நாளில் உண்மை சொல்லி விற்க வல்லவர்க்கு, விரைவு வண்டி தகாததன்று. இவற்றுள் ஒன்று குறையினும், மிக மெதுவான வண்டியும் தகாது. வாங்கும் முன் எஞ்சினைக் கேட்டறிவது போலத் தம் உள்ளத்தையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டறிக. அங்கே எழும் ஒலி உவகையா, செருக்கா என்பதைப் பிரித்தறிதலும் தம்மப் பயிற்சியே.

சாலை எல்லார்க்கும் உரியதாகுக. அதில் செல்வோர் அனைவரும் நலமாய் இல்லம் சேர்க.